குராமொச்சியிடம் யாரும் கேட்கவில்லை

குராமொச்சி தத்ஸுஹிகோ ஓய்வு பெறுகிறார் என்று ஊருக்கெல்லாம் அறிவித்தது நான்தான்.

ஷியோமி கால்பந்து கிளப்பின் செய்திப் பிரிவு என்றால் நான் ஒருத்திதான். அறிக்கை எழுதுவது, படம் எடுப்பது, ஆள் வராத நாளில் கிளப்பின் சின்னமான கணவாய் மீன் வேஷத்துக்குள் புகுந்து கொண்டு குழந்தைகளுக்குக் கை காட்டுவது எல்லாம் என் தலையில். அக்டோபர் மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிக்கு அந்த அறிக்கையை வலைத்தளத்தில் ஏற்றினேன். "இருபது ஆண்டுகள் ஓடிவிட்டேன். நிற்க வேண்டிய நேரம் வந்துவிட்டது" என்று அவர் சொன்னதாக ஒரு வரி. அவர் சொல்லவில்லை. நான் எழுதினேன். எங்கள் தொழிலில் அது வழக்கம்தான். எழுதியதை ஆட்டக்காரர் பார்த்துத் தலையாட்டிவிட்டால் அவர் சொன்னதாக ஆகிவிடும்.

அவர் இரண்டு முறை வாசித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க, இசோகாய்-சான். படிக்கறப்ப எனக்கே அழுகை வந்துடுச்சு" என்று, என் பெயரோடு மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்த்துச் சொல்லி, இடுப்பு வரை குனிந்து வணங்கிவிட்டுப் பயிற்சிக்குப் போனார்.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அந்த மனிதர் தன் இரங்கல் செய்தியைத் தானே பிழை பார்த்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

குராமொச்சியின் ஆட்ட வாழ்க்கையை நீட்டி முழக்க ஒன்றுமில்லை. பள்ளிக்கூடம் முடித்த கையோடு முதல் பிரிவு அணி ஒன்று அவரை எடுத்தது. பதினொரு மேட்ச். அப்புறம் இரண்டாம் பிரிவில் எட்டு வருடம், மூன்றாம் பிரிவில் மீதி. ஆறு கிளப், நானூற்று அறுபத்து மூன்று மேட்ச், இரண்டு கோல். அந்த இரண்டில் ஒன்று எதிரணிக்காரர் முதுகில் பட்டு உள்ளே போனது. அவர் போன கிளப்பில் மூன்று, அவர் போன இரண்டாவது வருடமே கீழ்ப் பிரிவுக்கு இறங்கின. ரசிகர்கள் செல்லமாக 'லிஃப்ட்' என்று கூப்பிடுவார்கள். "இந்த லிஃப்ட்டுக்குக் கீழ போற பொத்தான் மட்டும்தான் வேலை செய்யும்" என்று மைதானத்திலேயே கத்துவார்கள். அவர் திரும்பிப் பார்த்துக் குனிந்து நன்றி சொல்வார்.

இடது பக்கக் கோட்டை ஒட்டி நின்று, எதிரணியில் யார் வேகமாக ஓடுகிறானோ அவனை மறிப்பது அவர் வேலை. இருபது வருடமாக அதே கோடு. வயது முப்பத்தெட்டு. இப்போதும் அவரைத் தாண்டிப் போவது சுலபமில்லை. ஓட்டத்தில் ஜெயிக்க மாட்டார். நீங்கள் எங்கே போகப் போகிறீர்கள் என்று உங்களுக்கு முன்பே தெரிந்துகொண்டு அங்கே போய் நின்றுகொள்வார். சலிப்பூட்டும் திறமைதான். ஆனால் திறமை.

அறிக்கை வெளியான நாளிலிருந்து ஊர் கிளம்பிவிட்டது. ரசிகர் மன்றத் தலைவி ஒபாதா-சான் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். அறுபத்து நான்கு வயதில் மேட்ச் முழுக்க முரசு அடிப்பார். அவர் தலைமையில் பன்னிரண்டு மீட்டர் நீளத்துக்குத் துணிப் பதாகை தைக்க ஆரம்பித்தார்கள். மேயர் வருவதாகச் சொல்லிவிட்டார். இனிப்புக் கடைக்காரர் குராமொச்சியின் சட்டை எண்ணான மூன்றைப் பொறித்த பயறுப் பூரணக் கேக்குகளுக்கு அச்சு செய்து வாங்கினார். டிசம்பர் முதல் ஞாயிறு, சீசனின் கடைசி மேட்ச். எண்பதாவது நிமிடம் அவரை வெளியே எடுப்பது, இரண்டு அணியும் வரிசை கட்டி நின்று கைதட்டுவது, முடிந்ததும் பேச்சு, மனைவியும் மகளும் வந்து பூங்கொத்து கொடுப்பது, கடைசியாகச் சக ஆட்டக்காரர்கள் அவரை ஆகாயத்தில் தூக்கிப் போட்டுப் பிடிப்பது. நிமிடக் கணக்கோடு அட்டவணை போட்டவள் நான்.

மேட்சுக்குப் பத்து நாள் முன்பு, விடைபெறும் பேட்டியைப் படம் பிடிக்கப் பயிற்சி மைதானத்துக்குப் போனேன். ஆலங்கட்டியும் மழையும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் குளியலறைக்கு ஓடிவிட்டார்கள். குராமொச்சி மட்டும் கோட்டோரமாக அந்த முனைக்கும் இந்த முனைக்கும் ஓடிக்கொண்டிருந்தார். எண்ணினேன். பதினான்கு தடவை. இன்னும் பத்து நாளில் நிறுத்தப்போகிறவர் எதற்கு இப்படிச் சாகிறார்?

வந்தார். தலையில் ஆவி பறந்தது.

"குராமொச்சி-சான், ஒண்ணு கேக்கறேன். நிஜமாவே நிறுத்தணும்னு இருக்கா?"

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வெகுநேரம் துடைத்தார். அவ்வளவு நேரம் துடைக்க அந்த முகத்தில் இடம் கிடையாது.

"யாரும் இப்படிக் கேக்கல" என்றார்.

"நான் கேக்கறேன்ல. பதில் சொல்லுங்க."

"இன்னும் ஒரு வருஷம் ஆடணும்னு இருந்துச்சு."

"அப்போ அறிக்கையைப் படிச்சுட்டு ஏன் தலையாட்டினீங்க?"

"நல்லா எழுதியிருந்தீங்களே."

கையிலிருந்த கேமராவை அவர் தலையில் போட்டிருப்பேன். கிளப்பில் இருப்பதே அந்த ஒன்றுதான்.

பெஞ்சில் உட்கார வைத்து விஷயத்தைக் கறந்தேன். அக்டோபரில் உகாய்-சான் அவரைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஆட்டக்காரர்களை எடுப்பதும் அனுப்புவதும் உகாய்-சான் பொறுப்பு. போனது ஊரிலேயே விலை கூடிய விலாங்கு மீன் கடைக்கு.

"விலாங்கு, இசோகாய்-சான்! அதுவும் பெரிய பெட்டிச் சோறு. எனக்கு அப்பவே தெரிஞ்சுடுச்சு. நாலாவது கிளப்புலயும் விலாங்கு வாங்கிக் குடுத்துதான் அனுப்பினாங்க. அஞ்சாவதுலயும் அதேதான். சும்மா யாராவது விலாங்கு வாங்கித் தருவாங்களா?"

"சரி, உகாய்-சான் என்ன சொன்னார்?"

"'குரா, அடுத்த வருஷம்…'னு ஆரம்பிச்சார். அதோட நிறுத்திட்டார். பாவம், அவருக்கு வாயில வரல. நான்தான் குச்சியைக் கீழ வெச்சுட்டு, அவருக்கு டீ ஊத்திக் குடுத்து, 'இத்தனை நாள் பார்த்துக்கிட்டதுக்கு நன்றி'ன்னு சொல்லி முடிச்சு வெச்சேன். அவர் கண்ணெல்லாம் கலங்கிடுச்சு."

"வீட்டுல சொன்னீங்களா?"

"சினாத்சு வலைத்தளத்துல பார்த்துட்டா. நான் வீட்டுக்குப் போறதுக்குள்ள விசேஷ நாள் மாதிரி சிவப்புப் பயறு போட்டுச் சோறு ஆக்கி, அவ அம்மாவுக்குப் போன் பண்ணி… அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

மனைவிக்கே செய்தி நான் எழுதிய அறிக்கை மூலமாகத்தான் போயிருக்கிறது. எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அவர் மேல், ஊர் மேல், என் மேலும். எங்கள் வீட்டில் முதலில் பல்கலைக்கழகம் போனவள் நான். மீன் பதப்படுத்தும் ஆலையில் நிற்கிற என் அம்மா, என்ன படிக்கிறாய் என்று நான்கு வருடமும் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தொந்தரவாக இருக்குமாம். இந்தக் கடற்கரையில் அன்பு என்றால் கேட்காமல் இருப்பது. நான் கேட்பவள் என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தவள். ஒரு மனிதனின் வேலையை முடித்து வைக்கும் அறிக்கையை மட்டும், உகாய்-சான் சொன்னதை வைத்து, ஒரு கேள்வி கேட்காமல் எழுதியிருக்கிறேன்.

நேராக உகாய்-சான் அறைக்குப் போனேன். கதவைத் தட்டினேனா என்று நினைவில்லை.

"குராமொச்சி-சானை ஏன் அனுப்பறீங்க?"

"யார் அனுப்பறா?" அவர் சிகரெட்டை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. கோபம் வந்தால் பென்சிலை வாயில் வைப்பார். "அவன்தானே நிறுத்தறேன்னு சொன்னான்!"

"எப்ப சொன்னார்?"

"சொல்லல. டீ ஊத்தினான். நன்றின்னு குனிஞ்சான். இதுக்கு மேல என்ன சொல்லணும், இசோகாய்? நான் இன்னும் ஒரு வருஷம் இருடான்னு கெஞ்சத்தான் கூட்டிட்டுப் போனேன். வெறும் நூடுல்ஸ் வாங்கிக் குடுத்தா மரியாதையா இருக்காதேன்னு விலாங்கு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகுதான் வந்தது.

"அப்போ இப்ப சொல்லிடுங்க, இருக்கச் சொல்லி."

பென்சில் வாயை விட்டு இறங்கியது. "அந்த இடத்துக்கு ஒசாகாவுலேர்ந்து ஒருத்தனை எடுத்தாச்சு. போன வாரம் கையெழுத்துப் போட்டான். பட்டியல் முடிஞ்சது. ஒரு எடமும் இல்ல." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவன் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க முன்னாடியே அந்த வாக்கியத்தை முடிச்சிருக்கலாம்ல?"

வேலை போய்விடும் என்று நினைத்தேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "உன்னை மாதிரி எல்லாராலயும் பேச முடியாது."

பாராட்டா திட்டா என்று இன்றுவரை தெரியாது.

திரும்பிப் போய் குராமொச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கெஞ்சுவதற்காக வாங்கிக் கொடுத்த விலாங்கு என்றதும் அவர் பெஞ்சில் சாய்ந்து, கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது.

"இங்க இடம் இல்லன்னா வேற எங்கயாவது தேடணும். முப்பத்தெட்டு வயசுல. டிசம்பர் நடுவுல கிளப் இல்லாதவங்களுக்கெல்லாம் ஒரு தேர்வு மேட்ச் நடக்கும். அங்க போய் நிக்கணும்."

"நில்லுங்க."

"ஒபாதா-சான் பன்னிரண்டு மீட்டர் தெச்சிருக்காங்க."

"தெச்சா தெச்சுட்டுப் போறாங்க!"

"மேயர் வர்றார். இனிப்புக் கடைக்காரர் அச்சு வாங்கிட்டார். அத்தனை பேருக்குத் தொந்தரவு குடுத்துட்டு நான் ஓடி என்ன ஆகப்போகுது? இருக்கட்டும், விடுங்க." எழுந்தவர் தயங்கினார். "அன்னிக்குப் பேச வேண்டியதையும் நீங்களே எழுதித் தந்துடுவீங்களா?"

"மாட்டேன். நான் எழுதினது போதும். உங்க வாய் உங்ககிட்ட இருக்கு."

அவர் குனிந்து வணங்கினார். திட்டினாலும் நன்றி சொல்கிற ஜன்மம்.

டிசம்பர் முதல் ஞாயிறு நாலாயிரம் பேர் வந்திருந்தார்கள். வழக்கமாகத் தொள்ளாயிரம் தாண்டாது. கடல் பக்கம் குளிர்கால இடி உருண்டுகொண்டிருந்தது. நண்டுச் சூப் கடை முன்னால் வரிசை வாசல் வரை நீண்டது. எனக்குக் கேமராவோடு இடது பக்கக் கோட்டோரம் இடம், அதாவது குராமொச்சி பேசுவது காதில் விழும் தூரத்தில்.

எதிரணியில் தெசிமா என்றொரு ஆள். இருபத்தொரு வயது, அந்தப் பிரிவிலேயே வேகமானவன், அந்த சீசனில் பதினாறு கோல் அடித்தவன். குராமொச்சி பக்கம்தான் அவன் ஓட வேண்டும். முதல் பத்து நிமிடத்தில் பந்து மூன்று முறை அவனிடம் வந்தது. மூன்று முறையும் பக்கத்தில் வந்ததும் வேகத்தைக் குறைத்தான். குராமொச்சி காலை நீட்டியதும் பந்து வந்து ஒட்டிக்கொண்டது. நாலாயிரம் பேரும் கைதட்டினார்கள். "லிஃப்ட் மேல போகுதுடா!" என்று யாரோ கத்தினார்கள். ஒபாதா-சானின் முரசு காதைப் பிளந்தது.

குராமொச்சி மட்டும் சிரிக்கவில்லை. இடைவேளை வரை ஏழு முறை பந்தைப் பறித்தார், ஏழு முறையும் முகம் இறுகிக்கொண்டே போனது. யாரும் அவரிடம் மரியாதை காட்டாத ஒரே இடம் அந்தக் கோட்டோரம்தான். இருபது வருடமாக அங்கே அவரை இடித்தார்கள், உதைத்தார்கள், ஏமாற்றினார்கள். இன்றைக்கு அங்கேயும் ஒருவன் கதவைத் திறந்து பிடித்து, உள்ளே வாருங்கள் ஐயா என்கிறான்.

இரண்டாம் பாதியில், அறுபத்தெட்டாவது நிமிடம், தெசிமா மறுபடி வேகம் குறைத்தான். குராமொச்சி பந்தைப் பறிக்கவில்லை. அப்படியே நின்றார்.

"டேய், என்ன பண்ற?"

தெசிமா மிரண்டு போனான். "இல்ல, குராமொச்சி-சான்… உங்க கடைசி மேட்ச்…"

"யார் சொன்னா?"

"வலைத்தளத்துல…"

"ஓடுடா! நிஜமா ஓடு! இல்லன்னா எல்லார் முன்னாடியும் உன் காலை வாரி விட்டுடுவேன்!"

வாழ்நாளில் அவர் ஒருவரை 'டா' போட்டுப் பேசி நான் கேட்டது அப்போதுதான். கோட்டோரம் நின்ற துணை நடுவர் கொடியைக் கீழே போட்டுவிட்டார்.

எழுபத்தோராவது நிமிடம் தெசிமா நிஜமாகவே ஓடினான். குராமொச்சி அவன் உள்பக்கம் வருவான் என்று முன்பே போய் நின்றார். அவன் உள்ளே வருவது போலத் தோளைக் காட்டிவிட்டு வெளியே போனான். குராமொச்சி திரும்புவதற்குள் மூன்று மீட்டர் தள்ளியிருந்தான். கோல். ஒன்றுக்குப் பூஜ்யம். பிரிவு உபசாரத்தில் இப்படி ஒரு பரிசு யாரும் கொடுக்க மாட்டார்கள்.

குராமொச்சி புல்லில் மண்டியிட்டுக் கிடந்தார். அழுகிறார் என்று நினைத்துக் கேமராவைத் தூக்கினேன். லென்ஸில் தெரிந்த முகம் வேறு. பல் எல்லாம் தெரிய, கெட்ட பையனைப் போலச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வெளிய போனான்" என்றார், என்னிடமோ புல்லிடமோ. "தோளை நம்பிட்டேன்."

எண்பதாவது நிமிடம் மூன்றாம் எண் பலகை உயர்ந்தது. இரண்டு அணியும் வரிசை கட்டியது. அட்டவணைப்படி அவர் நடுவில் நடந்து வந்தார். எல்லோரும் கைதட்ட, அவர் மட்டும் திரும்பித் திரும்பித் தெசிமாவையே பார்த்துக்கொண்டு வந்தார். நாங்கள் பதிலுக்குக் கோல் எதுவும் அடிக்கவில்லை. தோற்றோம்.

அப்புறம் மைக். பதினோரு நிமிடம் நன்றி சொன்னார். கோச், மருத்துவர், பேருந்து ஓட்டுநர், பூட்ஸ் தைப்பவர், முதல் கிளப்பில் விடுதியில் முட்டை பொரித்துக் கொடுத்த பெண்மணி, குளியலறைக் கொதிகலனைப் பார்த்துக்கொள்பவர். ஒபாதா-சான் முரசின் மேல் குப்புறப் படுத்து அழுதார். மேயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நன்றி தீர்ந்தது. குராமொச்சி மைக்கை விடவில்லை.

"எல்லாருக்கும் ரொம்பத் தொந்தரவு குடுக்கற ஒரு விஷயம் சொல்லணும்" என்றார். "எழுபத்தோராவது நிமிஷம் ஒருத்தன் என்னைத் தாண்டிப் போனான். அந்தப் பந்தை நான் தடுத்திருக்கணும். அதோட என்னால நிறுத்த முடியாது. அதுக்கு முன்னாடியே… நான் நிறுத்தறேன்னு எப்பவும் சொல்லல. நிறுத்த வேண்டாம்னும் சொல்லல. அது என் தப்பு. இங்க இடம் இல்லன்னு தெரியும். வேற எங்கயாவது போய் ஆடறேன். மன்னிச்சிடுங்க."

தொண்ணூறு டிகிரிக்குக் குனிந்தார். அந்த வேகத்தில் உகாய்-சானும் அனிச்சையாகக் குனிந்தார். அவரைப் பார்த்து மேயரும் குனிந்தார், எதற்கென்று தெரியாமலே.

நாலாயிரம் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கைதட்ட வேண்டுமா கூடாதா என்று முடிவு செய்ய அந்த ஊருக்கு நேரம் பிடிக்கும். அதற்குள், பூங்கொத்தோடு பக்கத்தில் நின்ற சினாத்சு-சானின் குரல் மைக்கில் விழுந்தது.

"அப்போ இதை இப்ப யாருக்குக் குடுக்கறது? அன்னிக்கே சொல்லியிருந்தா எங்கம்மாவை அவ்ளோ தூரத்துலேர்ந்து வரவழைச்சிருக்க மாட்டேன்ல, மனுஷா!"

முதலில் ஒரு மூலையில் சிரிப்பு. அப்புறம் மைதானம் முழுக்க. ஒபாதா-சான் முரசின் மேல் ஏறி நின்றார்.

"மடையா! லிஃப்ட்டு மடையா! எங்க விரலெல்லாம் ஊசி குத்தியிருக்குடா! முன்னாடியே வாயைத் தொறந்தா என்ன? போ, போய் ஆடு! கீழ்ப் பிரிவுக்கே போய்த் தொலை!"

அதற்குத்தான் கைதட்டல் கிளம்பியது. மூக்கைச் சிந்திக்கொண்டே தட்டினார்கள்.

அணித் தலைவன் என்னிடம் ஓடி வந்தான். அட்டவணையில் அடுத்தது ஆகாயத்தில் தூக்கிப் போடுவது. "இசோகாய்-சான், தூக்கலாமா வேண்டாமா?"

"என்னை ஏன் கேக்கற? அவர்கிட்ட கேளு."

கேட்டான். குராமொச்சி ஒரு நொடி யோசித்தார். அந்த நொடியில் பழைய முகம், யாருக்கும் தொந்தரவு கொடுக்காத முகம், எட்டிப் பார்த்தது.

"வேண்டாம்" என்றார். "முதுகு போயிடும். பதினஞ்சாம் தேதி தேர்வு மேட்ச் இருக்கு."

தேர்வு மேட்சில் அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர்கள் நடுவில் நாற்பத்தோராம் எண் சட்டை போட்டு ஆடினார். நான்கு வாரம் யாரும் கூப்பிடவில்லை. ஜனவரி நடுவில், கடற்கரையோடு இரண்டு மணி நேரம் தெற்கே, நான்காம் பிரிவு அணி ஒன்று கூப்பிட்டது. காலையில் மீனை அரைத்து வேகவைத்துக் கட்டியாக்கும் ஆலையில் வேலை, மதியம் பயிற்சி. லிஃப்ட் இன்னொரு மாடி இறங்கிவிட்டது என்று ஒபாதா-சான் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார், கத்திரியை ஆட்டி ஆட்டி.

பிப்ரவரியில் ஒருநாள் குராமொச்சியிடமிருந்து போன்.

"இசோகாய்-சான், இங்க என்னை வலது பக்கம் நிறுத்திட்டாங்க."

"என்னது? நீங்க இருபது வருஷமா இடது பக்கம்! சொன்னீங்களா?"

"முதல் ரெண்டு வாரம் சொல்லல. யார் எங்க நிக்கணும்னு அவங்க படமெல்லாம் போட்டு அச்சடிச்சுட்டாங்க."

"குராமொச்சி-சான்!"

"நேத்து சொல்லிட்டேன்" என்றார் அவசரமாக. "கோச் அறைக்குப் போய், கதவைத் தட்டி, நான் இடது பக்கம் ஆடறவன்னு சொன்னேன். நாலே வார்த்தை. வேர்த்துக் கொட்டிடுச்சு."

"அவர் என்ன சொன்னார்?"

"தெரியும்னார். இடது பக்கம் என்னைவிட நல்லா ஆடற ஒருத்தன் இருக்கானாம். அதனால வலது பக்கம்தான் நிக்கணுமாம்."

நான் சிரித்துவிட்டேன். அந்தப் பக்கம் அவரும் சிரித்தார்.

"சரி, வெச்சிடட்டுமா?" என்றார். "வலது கால்ல பந்து அடிச்சுப் பழகணும். முப்பத்தெட்டு வருஷமா அந்தக் கால் சும்மாவே இருந்திருக்கு."